ஹாங்சோவ் குன்றுகளில் ஒரு முழு நாள்: குட்டிப் பாதைகளைக் கோத்து நடக்க நினைப்பவர்களின் கேள்விகள்

சீனாவின் ஜெஜியாங் மாகாணத் தலைநகரம் ஹாங்சோவ். அங்குள்ள மேற்கு ஏரிக்கு மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் ஊர். குன்றுகள் முழுக்கக் கல் பாவிய சிறு பாதைகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலைக்கும் படிப்புக்கும் இங்கே வந்திருக்கும் நம்மவர்கள் அவற்றில் ஒன்றை நடந்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். அவ்வளவு இல்லை. சரியாகக் கோத்தால் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை வரை நடக்கலாம். பல வருடங்களாக விடுமுறை நாட்களில் இந்தக் குன்றுகளில் நடந்துவருகிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

துண்டு துண்டாக ஏன் கோக்க வேண்டும்? நீளமான ஒரே பாதை கிடையாதா?

இந்தப் பாதைகளை யாரும் நெடுநடைக்காகப் போடவில்லை. கோயிலுக்கு ஊதுபத்தி கொண்டுபோனவர்கள் போட்டது ஒன்று, தேயிலைத் தோட்டத்துக்கு ஏறியவர்கள் போட்டது ஒன்று, ஒரு கிராமத்திலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் பெண் கொடுத்து எடுத்தவர்கள் நடந்து நடந்து உண்டானது ஒன்று. ஆளாளுக்குத் தன் தேவைக்குத் தகுந்த தூரம் போட்டிருக்கிறார்கள். பிற்பாடு அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கல் பதித்துப் படிக்கட்டு கட்டினார்கள்.

குன்றுகளும் உயரமில்லை. மேற்கு ஏரிக் குன்றுகளிலேயே உயர்ந்தது தியான்ஜூ மலை, 412 மீட்டர். மற்றவை பெரும்பாலும் 150 முதல் 350 மீட்டருக்குள். ஒரு குன்று ஏறி இறங்கினால் உடம்பு சூடாவதற்குள் முடிந்துவிடும். ஆறு குன்றுகளைக் கோத்தால்தான் ஒரு மலை ஏறிய களைப்பு வரும். இங்குள்ளவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'யீசிங்'. மன உறுதியோடு நடப்பது என்று சொல்லலாம். இப்படி நடப்பவர்கள் ஒருவரையொருவர் 'லூயோ' என்கிறார்கள். பயணத் தோழர் என்ற சொல்லின் ஓசைதான், எழுத்து மட்டும் 'கழுதைத் தோழர்'. மூட்டை சுமந்து மலையேறுகிறவர்களுக்கு நல்ல பொருத்தம்.

வரைபடத்தைத் திறந்தால் சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கணவாயிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எல்லோரும் முதலில் சிகரங்களைக் குறித்துக்கொண்டு அவற்றுக்கிடையே கோடு இழுக்கிறார்கள். அது தப்பு. சிகரத்தில் பாதைகள் முடிகின்றன. பாதைகள் சந்திப்பது கணவாயில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் அந்தக் கழுத்துப் பகுதியில். முகட்டுப் பாதை அதன் வழியாக நீளவாக்கில் போகும், ஊர்ப்பாதை குறுக்கே போகும். ஆக அங்கே நான்கு திசைக்கும் வழி உண்டு. இடதுபுறம் இறங்கினால் ஒரு கிராமம், வலதுபுறம் இறங்கினால் இன்னொன்று, நேரே போனால் அடுத்த குன்று. கோக்க வேண்டிய முடிச்சு அதுதான்.

இடப்பெயர்களே இதைச் சொல்லித்தருகின்றன. பெயர் 'லிங்' என்று முடிந்தால் பெரும்பாலும் கணவாய் அல்லது அதைத் தாண்டும் மேட்டுவழி: ஷிரென்லிங், சியுன்லிங், வான்சோங்லிங். 'வூ' என்று முடிந்தால் மூன்று பக்கம் மலை சூழ்ந்த பள்ளம், உள்ளே ஒரு கிராமம்: மெய்ஜியாவூ, சிங்ஜிவூ. வூவுக்குள் இறங்கினால் வெளியே வர ஒரே சாலைதான் இருக்கும். ஆனால் சோறும் பேருந்தும் கிடைக்கும். 'ஃபெங்' சிகரம், 'ஷான்' மலை, 'ஜியான்' மலையிடுக்கு ஓடை. இந்த ஐந்து சொற்களையும் சீன எழுத்தில் அடையாளம் காணப் பழகிக்கொண்டால் பாதி வரைபடத்தைப் படித்துவிடலாம்.

முதலில் நான்கைந்து கணவாய்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கீழே பேருந்துச் சாலைக்கு எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். அப்புறம் அவற்றைச் சேருங்கள். சிகரங்கள் தாமாகவே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் தடவை நடக்கிறேன். நேராக ஒரு வழி சொல்லுங்கள்.

ஊருக்கு வடமேற்கில் லாவ்ஹே மலையில் ஏறி, தெற்கே சியாந்தாங் ஆற்றங்கரையில் ஜியூசியில் இறங்குங்கள். ஹாங்சோவ் நடையர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. நீங்கள் பிடிக்கும் கிளைகளைப் பொறுத்து 15 முதல் 18 கி.மீ. வரை வரும்.

லாவ்ஹே மலை, ஜெஜியாங் பல்கலைக்கழகத்தின் யூச்சுவான் வளாகத்துக்குப் பின்னால் இருக்கிறது. வளாகத்துக்குள் வெளியாட்களை விடாத நாட்களில் பக்கத்திலுள்ள சிங்ஜிவூ தெருவழியாக லிங்ஃபெங் பக்கம் ஏறிக்கொள்ளலாம். பிப்ரவரி, மார்ச்சில் லிங்ஃபெங் அடிவாரத்தில் பிளம் மரங்கள் பூத்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஏறுவது நல்ல தொடக்கம். அங்கிருந்து மரநிழல் முகடு. ஏற்றமும் இறக்கமும் சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். முதல் பெரிய நிறுத்தம் பெய்காவ்ஃபெங், வடக்கு உயர்சிகரம். 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். உச்சியில் செல்வக் கடவுளுக்குக் கோயில் இருப்பதால் வருடப்பிறப்பு சமயத்தில் கூட்டம் நெரியும். கம்பிவட ஊர்தியும் இங்கே உண்டு, நினைவில் வையுங்கள்.

இங்கே வழி இரண்டாகிறது. முகட்டைவிட்டு இறங்காமல் ஷிரென்லிங் கணவாய் வழியாகத் தியான்ஜூ மலைக்குப் போவது ஒன்று. காடு அடர்ந்தது, ஆள் நடமாட்டம் குறைவு, ஏற்ற இறக்கம் கூடுதல். லிங்யின் கோயில் பக்கம் இறங்கி, தியான்ஜூ சாலையில் மூன்று பழங்கோயில்களையும் கடந்து, மேல் தியான்ஜூவில் இருக்கும் ஃபாசி கோயிலருகே மறுபடி ஏறுவது இன்னொன்று. முதல் முறைக்கு இரண்டாவதையே சொல்வேன். நடந்து நடந்து பசி எடுக்கும் நேரத்தில் கோயில் சாப்பாடு கிடைக்கும், தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம், முடியாவிட்டால் அங்கேயே பேருந்து ஏறலாம்.

ஃபாசி கோயிலுக்குப் பின்னால் படியேறினால் வருவது ஷிலி லாங்டாங். 'ஷிலி' என்றால் பத்து லி. ஒரு லி அரை கி.மீ., ஆக ஐந்து கி.மீ. முகடு. ஆற்றுப் பக்கத்து மக்கள் தியான்ஜூ கோயில்களுக்கு ஊதுபத்தி எடுத்து வந்த பழைய வழி. இந்த ஐந்து கி.மீ.க்காகத்தான் மற்றதையெல்லாம் நடக்கிறோம் என்றுகூடச் சொல்வேன். மேற்கே மெய்ஜியாவூ, கிழக்கே லோங்ஜிங், இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு. மார்ச் கடைசியில் போனால் மூங்கில் தொப்பி போட்ட பெண்கள் இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நகத்தால் கிள்ள மாட்டார்கள். கொழுந்தை விரல்நுனிகளில் பிடித்து மேல்நோக்கி ஒரு சுண்டு. நகம் பட்டால் காம்பு கறுத்துவிடும் என்று ஒரு அம்மா எனக்கு இரண்டு முறை செய்து காட்டினார். ஏப்ரல் 4, 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த இலைக்குத்தான் விலை. அதனால் அந்த வாரங்களில் அவர்களுக்கு நிற்க நேரமிருக்காது. பாதை குறுகலான இடத்தில் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

முகட்டின் தெற்கு முனை வூயுன் மலை, 'ஐந்து வண்ண மேகம்'. மேலே ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய கிங்கோ மரம் ஒன்று நிற்கிறது. நவம்பர் பிற்பாதியில் அதன் கீழே தரையே மஞ்சள். அங்கிருந்து ஆற்றைப் பார்த்தபடி ஜியூசிக்கு இறங்கினால் நாள் முடிந்தது.

'தியான்ஜூ' என்றால் இந்தியா என்று படித்தேன். உண்மையா?

உண்மை. பழைய சீன நூல்களில் இந்தியாவுக்குத் தியான்ஜூ என்றே பெயர். லிங்யின் கோயிலை 4-ஆம் நூற்றாண்டில், 328-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிறுவியவர் இந்தியாவிலிருந்து வந்த துறவி. சீனப் பெயர் ஹுய்லி. கோயிலுக்கு எதிரே உள்ள சுண்ணாம்புக்கல் குன்றைப் பார்த்து, "இது எங்கள் நாட்டுக் கழுகுமலை அல்லவா, எப்போது இங்கே பறந்து வந்தது?" என்று அவர் கேட்டதாகக் கதை. அதனால் குன்றுக்கு ஃபெய்லாய் ஃபெங், 'பறந்து வந்த சிகரம்' என்று பெயர். சுற்றிலும் உள்ள குன்றுகள் வேறு வகைப் பாறை, இது மட்டும் குகைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். அவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பாறை முழுக்க 10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை செதுக்கிய புத்தர் சிலைகள். ஹுய்லியின் நினைவாக ஒரு சிறு கல்கோபுரமும் அங்கே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன். அவ்வளவு தூரம் வந்தவர் ஊர் நினைப்பில் சொன்ன சொல், கிட்டத்தட்ட 1,700 வருடம் கழித்தும் இடப்பெயராக நிற்கிறது.

பாதியில் முடியாமல் போனால்?

திட்டத்தில் வழியை எழுதுவதற்கு முன்பு இதை எழுதுங்கள். பெய்காவ்ஃபெங்கில் கம்பிவட ஊர்தி. லிங்யினிலும் ஃபாசியிலும் பேருந்து. லாங்டாங் முகட்டில் இடதுபுறக் கிளைகள் லோங்ஜிங் பக்கமும் வலதுபுறக் கிளைகள் மெய்ஜியாவூ பக்கமும் இறங்கும். வூயுன் மலையிலிருந்து யுன்சி மூங்கில் தோப்பு வழியாகச் சாலைக்கு வந்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தும் இறங்குவழி இல்லாத பகுதி உங்கள் கோட்டில் இருக்கிறது என்றால், அந்தப் பகுதியை நாளின் முற்பாதியில் வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பது எப்படி?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 16 கி.மீ., மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கே முக்கால் மணி நேரம் வருகிறது.

இங்கே அது போதாது. பாதை பெரும்பாலும் படிக்கட்டு. கல்படியில் இறங்குவது ஏறுவதைவிடப் பெரிதாக வேகம் இல்லை, மதியத்துக்கு மேல் மெதுவாகிவிடும். விதியின் கணக்கோடு பாதி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம் வரும், சாப்பாட்டோடு எட்டு.

வெளிச்சத்தைக் கணிப்பது சுலபம். சீனா முழுக்க ஒரே நேரம், அது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். ஹாங்சோவ் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அதனால் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில். ஜூனில் ஏழு மணிக்குச் சூரியன் மறையும், டிசம்பரில் ஐந்து மணிக்கே. மரநிழலில் அதற்கு அரை மணி நேரம் முன்பே படி தெரியாது.

ஒரு டிசம்பரில் வூயுன் மலை உச்சியில் நாலேகால் மணிக்கு நின்றுகொண்டு, "ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்" என்று நினைத்தேன். மூங்கிலுக்குள் ஒரு கிளையைத் தவறவிட்டுத் தேயிலை வரிசைகளுக்கு நடுவே போய் நின்றேன். குளிரில் கைபேசியின் சார்ஜ் 20 சதவீதத்திலிருந்து சட்டென்று இறங்கி அணைந்துவிட்டது. வரைபடம், விளக்கு, பேருந்துக் காசு எல்லாம் அதற்குள்தான். தோட்டத்தில் களை எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. கையால் சைகை காட்டிவிட்டு முன்னே நடந்தார், தார்ச்சாலை வரை. அன்றிலிருந்து தலைவிளக்கும் பவர் பேங்கும் 50 யுவான் தாளும் என் பையில் எப்போதும் இருக்கும். குளிர்காலத்தில் கைபேசியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

எந்தச் செயலியில் வரைபடம் பார்ப்பது? கூகுள் மேப்பில் நான் ஏரிக்குள் நிற்பதாகக் காட்டுகிறது.

சீனாவில் வெளியாகும் வரைபடங்கள் சட்டப்படி சற்று நகர்த்தப்பட்ட ஆயத்தொலைவு முறையில் இருக்கும். பேச்சுவழக்கில் அதற்குச் 'செவ்வாய் கிரக ஆயத்தொலைவு' என்று பெயர். உலகின் மற்ற இடங்களில் பயன்படும் ஜிபிஎஸ் முறைக்கும் இதற்கும் சில நூறு மீட்டர் வித்தியாசம் வரும். ஊருக்குள் அது ஒரு தெரு தள்ளிக் காட்டும். மலையில் பக்கத்து முகட்டில் காட்டும், நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கும். கூகுள் இங்கே தடையும் செய்யப்பட்டிருக்கிறது.

காவ்தே, பைடூ போன்ற சீனச் செயலிகள் ஒவ்வொன்றும் தன் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டும். பேருந்து, மெட்ரோ, கடை, கழிப்பறைக்கு அவைதான். மலைப்பாதைக்கு லியாங்புலூ என்ற செயலி உண்டு, பெயருக்கு 'இரண்டடிப் பாதை' என்று பொருள். நடந்தவர்கள் பதிந்த தடங்கள் அதில் ஏராளம். லாவ்ஹே மலையையும் ஜியூசியையும் சேர்த்துத் தேடினால் பலருடைய தடங்கள் வரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகள் வழக்கமான ஜிபிஎஸ் முறையில் இருப்பதால் அவையும் மலையில் சரியாகக் காட்டும். முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டால் சிக்னலும் தேவையில்லை.

தப்பு நடப்பது ஒன்றிலிருந்து எடுத்ததை இன்னொன்றில் போடும்போதுதான். ஒரு தடத்தைப் புதிய செயலிக்கு மாற்றினால், அது தெரிந்த ஒரு சாலையின் மேல் சரியாக விழுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். விழவில்லை என்றால் அதை நம்பி மலைக்குப் போகாதீர்கள்.

வழிகாட்டிப் பலகைகள் நிறைய இடத்தில் உண்டு. கணவாய்களின் பெயரைச் சீன எழுத்தில் படமெடுத்து வைத்திருந்தால் பலகையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம், வழியில் வருபவர்களிடம் காட்டியும் கேட்கலாம்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் பிற்பாதி முதல் மே வரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை 'பிளம் மழை' என்று வாரக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும், படிகளில் பாசி பிடித்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் 35 பாகைக்கு மேல் போகும் நாட்கள் அதிகம், காற்றில் ஈரம். நம் ஊர் வெயில் பழக்கம்தானே என்று கிளம்பாதீர்கள், காடு காற்றை அடைத்துக்கொள்ளும். சூறாவளி எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். மே 1-இல் தொடங்கும் விடுமுறை, அக்டோபர் 1 முதல் 7 வரை: ஏரிக்கரையில் நிற்க இடமிருக்காது, பேருந்து நகராது. அந்த நாட்களில் நடந்தே ஆக வேண்டுமென்றால் ஷிரென்லிங் பக்கம் போங்கள்.

அந்த வழியை முடித்துவிட்டேன். அடுத்து?

தெற்கு வரிசை. மெட்ரோ முதலாம் வழித்தடத்தில் டிங்ஆன் சாலை நிலையத்தில் இறங்கி, வூஷான் சதுக்கத்திலிருந்து வூஷானில் ஏறுங்கள். ஊருக்குள்ளேயே தொடங்கும் மலை இது. வான்சோங்லிங் சாலையைக் கடந்தால் ஃபெங்ஹுவாங், பீனிக்ஸ் மலை. 1138 முதல் 1276 வரை தெற்குச் சோங் அரசின் தலைநகரம் ஹாங்சோவ்தான், லின்ஆன் என்ற பெயரில். அரண்மனை இந்த மலையடிவாரத்தில் இருந்தது. இன்று மேலே ஒன்றும் மிச்சமில்லை, காடும் கற்களும் மட்டுமே. அதன் நடுவே நடப்பது எனக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து ஜியாங்தாய் மலை வழியாகச் சியுன்லிங் கணவாய்க்கு இறங்குங்கள். பாறையில் 10-ஆம் நூற்றாண்டு புத்தர் சிலைகள் இருக்கின்றன. மறுபடி ஏறினால் யூஹுவாங் மலை, 239 மீட்டர். கீழே எட்டுப் பட்டையாக வெட்டிய வயல் ஒன்று தெரியும், 'பாகுவா' எனும் பழைய சீனக் குறி வடிவத்தில். பக்கத்திலுள்ள ஜியூயாவ் மலையைக் கடந்து, சாலை தாண்டி, மான்ஜுயேலோங் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ இங்கே வந்தால் குய்ஹுவா மரங்கள் பூத்திருக்கும். அரிசிமணி போன்ற மஞ்சள் பூ, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கண்ணுக்குப் படுவதற்கு முன்பே மணம் வந்துவிடும். பிறகு நான்காவ்ஃபெங், 257 மீட்டர். அதன் பிறகு வெங்ஜியாஷான் கிராமம், லோங்ஜிங் கிராமம்.

லோங்ஜிங்கில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் தேயிலை வறுப்பதை நின்று பாருங்கள். சூடான இரும்புச் சட்டியில் வெறும் கையால் இலையைச் சட்டியின் சுவரோடு அழுத்தி இழுத்து, உதறி, மறுபடி அழுத்துவார்கள். இலை தட்டையாவது அதனால்தான். அங்கிருந்து ஜியூசி வரை ஓடையோரமாகக் கிட்டத்தட்ட சமதளம். பல இடத்தில் நீருக்குள் வைத்த கற்களில் மிதித்துத் தாண்ட வேண்டும். நாள் முழுக்கப் படியில் அடிவாங்கிய கால்களுக்கு அந்தத் தண்ணீர் வரம். செருப்பைக் கழற்றிப் பத்து நிமிடம் உட்காருங்கள்.

இந்த வரிசையில் ஒரு வசதி, ஒவ்வொரு குன்றுக்கு நடுவிலும் சாலை வந்துவிடுகிறது. குழந்தைகளோடு வருபவர்கள் இதிலிருந்து ஒன்றிரண்டு துண்டுகளை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

இரண்டு வரிசைகளையும் ஒரே நாளில் சேர்த்து ஏரியைச் சுற்றிவர முடியுமா?

முடியும். 30 கி.மீ.யைத் தாண்டும். இரண்டையும் தனித்தனியாக ஒருமுறையாவது நடந்து, கிளைகள் மனதில் பதிந்த பிறகு, ஏப்ரலிலோ அக்டோபரிலோ விடியும் முன் கிளம்புங்கள். வடக்கே பாவ்ஷி குன்றில் தொடங்கினால் பாவ்சூ கோபுரத்துப் பக்கத்தில் சூரிய உதயம் பார்க்கலாம். அங்கிருந்து லாவ்ஹே மலை வரை ஊர்ச்சாலை. அதை நடக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. 2008 முதல் இந்த நகரில் பொதுச் சைக்கிள்கள் இருக்கின்றன. அலிபே என்ற கைபேசிப் பணச் செயலியில் திறந்து ஓட்டிக்கொண்டு போய் அடிவாரத்தில் நிறுத்திவிடலாம். தார்ச்சாலைத் துண்டுகளை இப்படிச் சுருக்குவதில் எந்தக் குறையும் இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

மலையில்தான் நன்றாகக் கிடைக்கும். ஃபாசி, லிங்யின் போன்ற கோயில்களில் மதிய உணவு உண்டு. இறைச்சி, முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. காளான், டோஃபு, மூங்கில் குருத்து போட்ட நூடுல்ஸ் எளிமையானது, சூடானது. மதியம் தாண்டிப் போனால் தீர்ந்துவிடும், பதினொன்றரைக்குள் போய்ச் சேருவதுபோலத் திட்டமிடுங்கள்.

கிராம உணவகங்களில் "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்று சொல்லிவிட்டு, "பூ ஃபாங் ரோவ்" (இறைச்சி போடாதீர்கள்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும் காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிக் கொண்டுவருவதும் உண்டு. ஊரின் பெயர்பெற்ற பியான்அர்ச்சுவான் நூடுல்ஸில் பன்றி இறைச்சி இருக்கும். என் பையில் புளிசாதம் எப்போதும் இருக்கும். ஏழு மணி நேரம் கெடாமல் தாங்குகிறது, உப்பும் கிடைக்கிறது. தண்ணீர் வெயில் காலத்தில் இரண்டு லிட்டர்.

காலணி?

கனமான பூட்ஸ் வேண்டாம். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற, குதிகால் மெத்தென்ற ஓட்டக் காலணி போதும். கல்படிதான் முழங்காலைத் தின்கிறது. இறக்கத்துக்கு ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ரப்பர் முனையோடு.

அனுமதி, நுழைவுச்சீட்டு?

முகட்டுப் பாதைகள் இலவசம். ஏரிக்கரைப் பூங்காக்கள் 2002-இலிருந்து திறந்தே இருக்கின்றன. சில கோயில்களுக்கும் தோட்டங்களுக்கும் கட்டணமோ முன்பதிவோ உண்டு, விதி மாறிக்கொண்டிருக்கும். முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள். முகட்டிலிருந்து இறங்கும் சில கிளைகள் கட்டணப் பகுதிக்குள்ளேயே போய்விடும் என்பதால் அசல் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். காட்டுக்குள் நெருப்பும் புகையும் கூடாது, அதில் கண்டிப்பு.

பாம்பு, பன்றி?

இரண்டும் உண்டு. பச்சை விரியன் மூங்கில் பக்கம் இருக்கும், கைப்பிடிக் கம்பியைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். காட்டுப்பன்றி விடியலிலும் அந்தியிலும் நடமாடும். பேசிக்கொண்டே நடந்தால் விலகிப்போகும். இலையுதிர் காலத்தில் குளவிக்கூடு கண்ணில்பட்டால் சத்தமில்லாமல் திரும்பி வாருங்கள். அவசரத்துக்குக் காவல்துறை 110, தீயணைப்பு 119, ஆம்புலன்ஸ் 120. மலையில் சிக்கியவர்களை மீட்பதற்கும் 119-தான்.

யிவூவிலிருந்தோ ஷாங்ஹாயிலிருந்தோ ஒரே நாளில் வந்து போகலாமா?

தாராளமாக. இரண்டு ஊரிலிருந்தும் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். யிவூச் சந்தையில் வேலை பார்க்கும் நண்பர்கள் முதல் ரயிலைப் பிடித்து ஒன்பது மணிக்கெல்லாம் அடிவாரத்தில் நிற்பார்கள். அப்படி வருகிறவர்கள் குளிர்காலத்தில் முழு வழியைத் தொடாதீர்கள். ஃபாசியில் தொடங்கி லாங்டாங், வூயுன், ஜியூசி என்று பின்பாதியை மட்டும் நடங்கள். திரும்பும் ரயிலை இரவு எட்டரைக்கு மேல் போடுங்கள். வார இறுதியில் ஏரிச் சாலை நெரிசலில் பேருந்து ஊர்ந்துதான் வரும்.

ஜியூசியில் இறங்கிய பிறகு என்ன செய்வது?

நேரமிருந்தால் ஆற்றோரமாகக் கிழக்கே நடந்து லியூஹே கோபுரத்துக்குப் போங்கள். 970-இல் முதலில் கட்டப்பட்டது. வெளியே பார்த்தால் பதின்மூன்று அடுக்கு, உள்ளே ஏறினால் ஏழுதான். அதன் பக்கத்திலேயே சியாந்தாங் ஆற்றுப் பாலம், மேலே சாலையும் கீழே ரயிலுமாக. மாவ் யீஷெங் என்ற பொறியாளர் கட்டி 1937 செப்டம்பரில் திறந்தார். ஜப்பானியப் படை நெருங்கியபோது, அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று, அவர் வகுத்துக்கொடுத்த திட்டப்படியே அது தகர்க்கப்பட்டது. போர் முடிந்ததும் அவரே சீரமைத்தார். அந்திநேரத்தில் அதன்மேல் ரயில் போகும் ஓசை கோபுரத்தடி வரை கேட்கும். ஊருக்குள் போகும் பேருந்துகள் எதிரிலேயே நிற்கும். உட்கார இடம் கிடைத்தால் உடனே தூங்கிவிடுவீர்கள், இறங்கும் நிறுத்தத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.